சிட்டிபாபு வைத்த மருந்து

நகரி முகாமில்தான் ஜெபதாஸுக்குத் தன் தட்டின் மேல் சந்தேகம் வந்தது.

அதுவரைக்கும் சாப்பாட்டைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்கிற ஆள் இல்லை அவன். சொந்த ஊர் சித்தூர். மிஷன் காம்பவுண்டை ஒட்டி வீடு. மனைவி யூனிஸ் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். சோறு, கேழ்வரகுக் களி, ஞாயிற்றுக்கிழமையானால் கறிக்குழம்பு என்று வயிறு தன் பாட்டுக்கு இருந்தது. ஆந்திராவும் மதராஸும் வருஷக்கணக்காகப் பேசி ஒருவழியாக எல்லையை முடித்துக்கொண்டபோது, அந்த எல்லையில் கல் நடுவதற்குச் சர்வேயர்கள் தேவைப்பட்டார்கள். தமிழும் தெலுங்கும் தெரிந்தவன் என்று ஜெபதாஸை அனுப்பினார்கள்.

யாருக்கும் பிடிக்காத வேலை அது. கல்லுக்கு இந்தப் பக்கம் விழுந்தவனுக்கும் கோபம், அந்தப் பக்கம் விழுந்தவனுக்கும் கோபம். ஓர் ஊரில் கிணற்றடியில் நின்ற பெண்கள் இவர்களைக் கண்டதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். இன்னோர் ஊரில் காலையில் நட்ட கல் சாயங்காலம் வாய்க்காலில் கிடந்தது. அளவுச் சங்கிலி பிடிக்கிற முனிசாமி முதல் நாளே சொல்லிவைத்தான்: "யாரு வூட்டுலயும் மோரு, தண்ணின்னு வாங்கிக் குடிக்காத சார். இன்னாத்த கலந்து குடுப்பாங்கன்னு சொல்ல முடியாது."

வெளியே அப்படி என்றால், முகாமுக்குள்ளே சிட்டிபாபு இருந்தான். சமையல்காரன். ஜெபதாஸைவிடப் பத்து வயது மூத்தவன், அதிகம் பேசமாட்டான். அவன் ஊர் சத்தியவேட்டுப் பக்கம். அது ஆந்திராவோடு சேர்ந்துவிட்டது. அவன் அக்காவைக் கொடுத்த ஊர் பள்ளிப்பட்டுப் பக்கம். அது மதராஸோடு போய்விட்டது. ஒரு நாள் மாவு பிசைந்துகொண்டே யாரிடமோ அவன் சொன்னது ஜெபதாஸின் காதில் விழுந்தது.

"கல்லு நடற கை விளங்கவா போவுது."

அந்த வாரமே வயிறு கெட்டது.

முதலில் தண்ணீர் சேரவில்லை என்று நினைத்தான். பிறகு அது நிற்கவே இல்லை. சாப்பிட்டால் வயிறு மத்தளம் மாதிரி உப்பும். விடிவதற்குள் மூன்று முறை காட்டுக்கு ஓடுவான். வாயெல்லாம் புண். இடுப்புவாரில் புதிதாக ஓட்டை போட்டான். சில வாரத்தில் அதற்கும் உள்ளே இன்னொன்று போட வேண்டிவந்தது. அதே சாப்பாட்டைத்தான் எல்லோரும் சாப்பிட்டார்கள். அரிசிக்குத் தட்டுப்பாடான சமயம், முகாமுக்கு அமெரிக்காக் கோதுமை மூட்டை மூட்டையாக வந்தது. காலையில் கோதுமை ரவை உப்புமா, ராத்திரி சப்பாத்தி, மத்தியானம் மட்டும் ஒரு பிடி சோறு. முனிசாமி எட்டு சப்பாத்தி தின்றுவிட்டு ஏப்பம் விட்டான். இவன் இரண்டு தின்றுவிட்டுச் சுருண்டான்.

எல்லோரும் தின்கிற சாப்பாட்டில் ஒருத்தனுக்கு மட்டும் கெடுதல் என்றால், அந்த ஒருத்தன் தட்டில் மட்டும் ஏதோ விழுகிறது என்றுதானே அர்த்தம்? ஜெபதாஸ் சோதித்துப் பார்த்தான். ஒரு நாள், முனிசாமி கை கழுவப் போன நேரத்தில் இரண்டு தட்டையும் மாற்றிவைத்தான். முனிசாமி இவன் தட்டைக் காலி செய்துவிட்டுச் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். இவன் முனிசாமியின் தட்டில் தின்றும் வயிறு பொங்கியது. மாற்றியதைச் சிட்டிபாபு பார்த்துவிட்டான், அதனால் மருந்தையும் மாற்றிவிட்டான் என்று முடிவு செய்தான் ஜெபதாஸ். அன்றிலிருந்து அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிப் படுப்பதுகூட இல்லை.

முகாமின் மேலதிகாரி கோவர்த்தனன் திருப்பதிக்காரர். அவருக்கு வேறு சந்தேகம்.

"ஏமய்யா ஜெபதாஸ், பள்ளிப்பட்டு பக்கம் கல்லு நடறப்ப நல்லாதான் இருந்த. சத்தியவேடு பக்கம் வந்தா வயிறு வலிக்குதா? தமிழ் ஊரு இந்தப் பக்கம் வர்றது உனக்குப் புடிக்கலன்னா நேரா சொல்லு."

"சார், என் ஒடம்பப் பாருங்க. நடிக்கறவனுக்கு இப்படி எலும்பு தெரியுமா?"

அவர் பார்த்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. லீவு கொடுத்தார்.

சித்தூரில் யூனிஸ் நொய்க்கஞ்சியும் மோருமாகக் கொடுத்தாள். மெல்ல மெல்ல வயிறு அடங்கியது. மாசக் கடைசியில் கன்னத்தில் கொஞ்சம் சதை. வீட்டில் சரியாகிறது, முகாமில் கெடுகிறது. இனி என்ன சாட்சி வேண்டும்? முகாமுக்குத் திரும்பியவன், சிட்டிபாபு கையால் ஒரு வாய்கூடத் தின்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தான். கடைவீதியில் டீயும் பன்னும். மத்தியானம் பொறை ரொட்டி. சாயங்காலம் ஹோட்டலில் பூரி. அதுவும் கடைக்காரன் எல்லோருக்கும் போடுகிற தாம்பாளத்திலிருந்து தானே பார்த்து எடுத்துக்கொண்டான்.

முன்னைவிட மோசமானது. கால் வீங்கியது. குன்றில் ஏறினால் கண் இருட்டியது. சிட்டிபாபுவுக்கு நகரிக் கடைவீதியில் எத்தனை பேரைத் தெரியும் என்று ஜெபதாஸ் கணக்குப் பார்க்கத் தொடங்கினான். டீக்கடைக்காரன் அவனோடு சிரித்துப் பேசினான். ஹோட்டலில் மாவு பிசைகிறவன் அவன் ஊர்க்காரன்.

முனிசாமிதான் அந்த யோசனையைச் சொன்னான். "இது இடுமருந்து சார், சோத்துல கலந்து வெக்கறது. ஆஸ்பத்திரில தெரியாது. பங்காருபாளையத்தாண்ட மாந்தோப்புல சந்திரம்மான்னு ஒருத்தி மருந்து எடுக்கறா."

ஞானஸ்நானம் பெற்ற குடும்பத்துப் பிள்ளை போகிற இடமில்லை அது. போனான். சந்திரம்மா பச்சிலைச் சாற்றை ஊற்றிக் குடலே வெளியே வரும்படி வாந்தி எடுக்கவைத்தாள். பிறகு மண்சட்டியைக் கிளறி, மயிர் சுற்றிய சாம்பல் நிறக் கட்டி ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

"பாத்துக்கோ நைனா. கூட இருந்து சோறு போடறவன் வெச்சது."

அவனும் சட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், அது எப்போது விழுந்தது என்று தெரியவில்லை. ஆனாலும் நம்பினான். நம்புவதற்காகத்தானே அவ்வளவு தூரம் வந்தது.

கட்டியைத் துணியில் முடிந்து கொண்டுவந்து, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் அடுப்பங்கரைத் தரையில் போட்டான்.

"இது என் வயித்துல இருந்து வந்தது. இன்னா வெச்ச, சொல்லு."

சிட்டிபாபு மாவுக் கையோடு எழுந்தான். "நான் எதுக்கு சார் உனக்கு வெக்கணும்?"

"ஊரு ரெண்டா போன கோவம்."

"நீ கல்லு நடற. கோடு போட்டவன் எங்கியோ இருக்கான். நான் வெக்கறதா இருந்தா அவனுக்கில்ல வெக்கணும்?"

அந்தப் பேச்சுதான் சிட்டிபாபுவைக் கெடுத்தது. வெக்கறதா இருந்தா என்றால், வைக்கத் தெரிந்தவன் என்று ஆகிறதே. உட்கார்ந்திருந்தவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஜெபதாஸ் தின்னாவிட்டாலும் தினமும் அவனுக்கென்று எடுத்துவைக்கிற சப்பாத்தியைச் சிட்டிபாபு பிய்த்து, எல்லோரும் பார்க்க முழுவதையும் தின்றான். மாற்று மருந்து முன்னாலேயே தின்றிருப்பான் என்று முனிசாமி முணுமுணுத்தான். ஒவ்வொருத்தராகத் தட்டைத் தள்ளி வைத்தார்கள். கோவர்த்தனனுக்கு வேறு வழி இருக்கவில்லை. மறுநாள் காலை சிட்டிபாபு துணி மூட்டையோடு சத்தியவேட்டு ரோட்டில் நடந்து போனதை ஜெபதாஸ் கூடாரத்துக்குள்ளிருந்து பார்த்தான். நிம்மதியாக இருந்தது.

புதுச் சமையல்காரன் வந்தான். அதே கோதுமை, அதே சப்பாத்தி. பயம் விட்டுப்போனதால் ஜெபதாஸ் வயிறார உண்டான். பத்துப் பதினைந்து நாளில், கல் நடும் குழிக்குப் பக்கத்திலேயே மயங்கி விழுந்தான்.

கண் திறந்தபோது ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக் கட்டில். பக்கத்தில் யூனிஸ். எதிரே வெள்ளைக் கோட்டுப் போட்ட டாக்டரம்மா. தபீதாள் என்று பெயர். கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். எந்த ஊரில் என்ன சாப்பிட்டீர்கள், வீட்டில் என்ன, கடையில் என்ன, கிறிஸ்மஸுக்குக் கேக் தின்றால் என்ன ஆகும். போலீஸ்காரர் விசாரிக்கிற மாதிரி இருந்தது. கோவர்த்தனன் சொல்லி அனுப்பிய ஆளோ என்று ஜெபதாஸுக்குத் தோன்றியது.

"கேக் தின்னா மறுநாள் வயிறு சரியிருக்காது" என்றான். "அதிகமா தின்னுட்டேன்னு நெனச்சிக்குவேன்."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உங்களுக்கு யாரும் மருந்து வைக்கல. உங்களுக்கு ஆகாதது கோதுமை."

ஜெபதாஸ் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

"ஒல்லாந்து தேசத்துல யுத்தத்தப்போ ரொட்டியே கிடைக்காம போச்சு. இந்த மாதிரி வயித்து வியாதி இருந்த பிள்ளைங்க அப்போ தேறிச்சாம். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடியும் விழுந்துட்டாங்க. அதைப் பார்த்துத்தான் கண்டுபிடிச்சாங்க. பெரியவங்களுக்கும் இது உண்டுன்னு இப்போ சொல்றாங்க. கோதுமைல இருக்கிற பசை உங்க குடலை அரிக்குது. ஊருக்கே ஒத்துக்கிறது உங்களுக்கு மட்டும் ஒத்துக்காது."

"இதுக்கு மருந்து?"

"இல்ல. வாழ்நாள் முழுக்கக் கோதுமை ஒரு துணுக்கும் கூடாது. ரொட்டி, பன், ரவை, மைதா எதுவும். அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம் தாராளமா சாப்பிடுங்க. நான் சொல்றதை நம்ப வேண்டாம். செஞ்சு பாருங்க."

நம்ப வேண்டாம் என்று அவர் சொன்னதுதான் அவனுக்குப் பிடித்தது. செய்து பார்த்தான்.

உடம்பு தேறிய விதத்தைப் பார்த்துத் தெருவே அதிசயப்பட்டது. வீங்கிய கால் வற்றியது, வாய்ப்புண் ஆறியது, இடுப்புவார் பழைய ஓட்டைக்குத் திரும்பியது. இரண்டு மாதம் எல்லாம் சரியாகப் போயிற்று. பிறகு ஒரு நாள் காலை, யூனிஸ் செய்த இடியாப்பத்தைத் தின்றுவிட்டு எழுந்தவனுக்குப் பழைய வலி. அரிசி மாவு இடியாப்பம், அவள் கையாலேயே பிழிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

ஒரு கணம்தான். ஆனால் யூனிஸ் அதைப் பார்த்துவிட்டாள்.

"சிட்டிபாபுவையும் இப்படித்தான் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

அவள் மாவுத் தூக்கைத் திறந்து முகர்ந்தாள், விரலால் தேய்த்துப் பார்த்தாள். பிறகு மெல்ல உட்கார்ந்துவிட்டாள். மிஷினில் மாவு அரைக்கப் போனபோது, வரிசையில் அவளுக்கு முன்னால் நின்ற பெண் கோதுமை அரைத்துக்கொண்டு போயிருந்தாள். அதன் மிச்சமெல்லாம் இவர்கள் தூக்கில் விழுந்திருக்கிறது. அன்றிலிருந்து வீட்டிலேயே உரலில் இடித்துக்கொண்டாள். மாவு விஷயம் தீர்ந்துவிட்டது. அந்தப் பார்வையைப் பற்றி அவள் மறுபடி பேசவில்லை. ஆனால் தட்டை அவன் முன்னால் வைக்கும்போதெல்லாம் ஒரு நொடி அவன் முகத்தைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

உடம்பு தேறியபின் முதன்முதலாகப் போன திருவிருந்து ஆராதனையில், எல்லோரும் பகிர்ந்து உண்கிற அப்பத் தட்டு ஜெபதாஸிடம் வந்தது. கோதுமை ரொட்டித் துண்டு. தொடாமல் பக்கத்து ஆளிடம் நகர்த்தினான். அடுத்த மாதமும் அப்படியே. சபையில் பேச்சு கிளம்பியது. மருந்து எடுக்கிறவளிடம் போன செய்தி ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது. மனசாட்சி குத்துகிறது, அதனால்தான் அப்பத்தை எடுக்க மாட்டேன் என்கிறான். முகாமில் வேறு என்னென்ன செய்தானோ. சபையின் மூப்பர் இயேசுதாசன் வீட்டுக்கே வந்து, "தம்பி, எதாயிருந்தாலும் ஒளிக்காம சொல்லு" என்றார். கோதுமை ஆகாது என்று ஜெபதாஸ் விளக்கினான். அவர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலில் ஒரு துளி நம்பிக்கை இல்லை.

அவர் போன பிறகு ஜெபதாஸ் வாசல் கதவைச் சாத்தினான். உண்மையைச் சொல்லியும் நம்பாத முகங்களுக்கு முன்னால் ஒருத்தன் சப்பாத்தியைப் பிய்த்துத் தின்றது நினைவில் வந்தது. யூனிஸிடம் போய், "சிட்டிபாபு எங்க இருக்கான்னு விசாரிக்கணும்" என்றான்.

திருப்பதியில் இருக்கிறான் என்று முனிசாமி மூலம் தெரிந்தது. யூனிஸ் தூக்குப் பாத்திரத்தில் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள், மேலே ஒரு பொட்டலம் அவலும். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெரியவர் பூரிப் பொட்டலத்தைப் பிரித்து, "எடுத்துக்க நைனா" என்று நீட்டினார். வேண்டாம் என்றதும் முகம் மாறியது. "எங்க கையால துன்ன மாட்டியா? இன்னா ஜாதி நீ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ரயிலடிக்குப் பின்னால் யாத்திரிகர்கள் தங்குகிற சத்திரம். கொல்லைப்புறத்தில் சிட்டிபாபு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தான். சமைக்கவில்லை. ஜெபதாஸைக் கண்டதும் அவன் கண் முதலில் வாசல் பக்கம் போனது, கூட யாராவது வந்திருக்கிறார்களா என்று.

"யாரு அனுப்புனாங்க?"

"யாரும் இல்லண்ணா. நானாதான் வந்தேன்."

அண்ணா என்றது அவனை இன்னும் உஷாராக்கியது. ஜெபதாஸ் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். சிட்டிபாபு சாம்பலும் தேங்காய்நாருமாகத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"கோதும வெஷமா? ஊரே துன்னுது."

"எனக்கு மட்டும்."

"அதெப்புடி உனக்கு மட்டும்? அன்னிக்கு நான் துன்னு காட்டனதும் அதானே. எல்லாருக்கும் போட்டத தானே உனக்கும் போட்டேன்." குண்டானைக் கவிழ்த்து வைத்தான். "நகரில எவனும் அடுப்பாண்ட சேக்கல. மருந்து வெக்கற கைன்னு பேராயிடுச்சி. எங்க அக்கா வூட்டுல என் கையால தண்ணி வாங்கல. கூடப் பொறந்தவ. எல்லை பிரிச்சப்ப கூட எங்களுக்குள்ள பேச்சு நிக்கல, சார். நீ ஒரு கட்டிய கீழ போட்ட, நின்னுபோச்சி."

"தப்பு என்னுதுண்ணா."

"சரி."

"பசிக்குது. உங்க கையால ஒரு பிடி சோறு போடுங்க, தின்னுட்டுப் போறேன்."

சிட்டிபாபு முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தான். "போட மாட்டேன். நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆனா மறுபடியும் என் தலைமேலதான் வுழும். நீ எடுத்தாந்தத துன்னுட்டு போ."

தூக்குப் பாத்திரத்தைத் திறக்க மனம் வரவில்லை. "நகரியில வெச்சு சொன்னத நகரியிலயே வெச்சு இல்லன்னு சொல்றேன்" என்றான்.

"சொல்லு. அப்பறம் பாக்கலாம்."

அந்த வாரமே வேலைக்குத் திரும்பினான் ஜெபதாஸ். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், கோவர்த்தனனையும் வைத்துக்கொண்டு, சிட்டிபாபு மருந்து வைக்கவில்லை, தான் சொன்னது பொய்ப்பழி என்று சொன்னான். டாக்டரம்மா சொன்னதையும் சொன்னான். கடைவீதியில் டீக்கடை முன்னால் நின்று மறுபடியும் சொன்னான். பள்ளிப்பட்டுப் பக்கம் போய், சிட்டிபாபுவின் அக்கா வீட்டு வாசலில் நின்றும் சொன்னான். அந்த அம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. டீக்கடையில் பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர், சிட்டிபாபு இவனை மிரட்டிச் சொல்லவைத்திருக்கிறான் என்றார்கள். முனிசாமி மட்டும் நாலு நாள் யோசித்துவிட்டு வந்து, "அன்னிக்கு தட்ட மாத்தி வெச்சது எனக்குத் தெரியும் சார். உன் தட்டுல துன்னது நான்தானே. எனக்கு ஒண்ணும் ஆவல. அத அன்னிக்கே சொல்லியிருக்கணும்" என்றான்.

முகாம் நகரியிலிருந்து சத்தியவேட்டுக்கு மாறியது. கோவர்த்தனன் சொல்லியனுப்பி, அங்கே சிட்டிபாபு வந்து சேர்ந்தான். வந்ததும் ஜெபதாஸிடம் ஒரு நிபந்தனை போட்டான். ஜெபதாஸுக்குத் தனிப் பானை, தனிக் கரண்டி, தனி அடுப்பு. அந்த அடுப்பு வெட்டவெளியில், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில். அரிசி களைவதிலிருந்து வடிப்பது வரைக்கும் ஜெபதாஸ் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

"எனக்கு உங்க மேல சந்தேகம் இல்லண்ணா. நான் எதுக்கு நிக்கணும்?"

"உனக்காவ இல்ல" என்றான் சிட்டிபாபு. "நாளைக்கி எவனாவது கேட்டா, நீ கண்ணால பாத்தேன்னு சொல்லணும். நில்லு."

ஈர விறகு. புகை முகத்தில் அடித்தது. வேலைக்குக் கிளம்பியவர்கள் கடந்து போகும்போது திரும்பிப் பார்த்தார்கள், ஒருத்தன் சிரித்தான். ஜெபதாஸ் நகரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சோறு கொதித்து வரும்வரை அங்கேயே நின்றான்.